அப்பா தனியாக இருக்கிறார். புழுங்கலரிசிக்கு எந்த ரைஸ் குக்கர்?

கடைமடை:

எல்லோருக்கும் வணக்கம். மயிலாடுதுறைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அப்பா தனியாக இருக்கிறார். வயது 74. அம்மா காலமாகிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. நான் பெங்களூரில் இருக்கிறேன். கூப்பிட்டால் வர மறுக்கிறார். போன மாதம் இரண்டு முறை உலையை ஏற்றிவிட்டுத் திண்ணையில் பேப்பர் படிக்க உட்கார்ந்து மறந்துவிட்டார். இரண்டாம் முறை பானை கருகி, பக்கத்து வீட்டு அத்தை ஓடிவந்து கேஸை அணைத்திருக்கிறார்.

அதனால் மின்சார ரைஸ் குக்கர் வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். சிக்கல் என்னவென்றால் அவர் சாப்பிடுவது பொன்னி புழுங்கல். மதியம் ஒரு வேளை சுடச்சுடச் சோறு, மீதியில் தண்ணீர் ஊற்றி மறுநாள் காலைக்குப் பழையது. ஒன்றரை ஆழாக்கு அரிசிக்கு மேல் வேண்டாம். சோறு குழையக் கூடாது. உப்புப் போட்டு ஒரு தம்ளர் கஞ்சி குடிக்காமல் இலை முன்னால் உட்கார மாட்டார். இங்கே என் தோழி வீட்டுக் குக்கரில் புழுங்கலரிசி வைத்தால் உள்ளே விதைவிதையாக நிற்கும்போதே அணைந்துவிடுகிறது. கடைக்காரரோ எல்லோரும் வாங்குவது 1.8 லிட்டர்தான் என்கிறார். பத்துப் பொத்தான் வைத்த ஒன்றையும் எடுத்துக் காட்டுகிறார். எதை வாங்குவது?

மூன்றாம் மாடி:

அக்கா, 1 லிட்டர் போதும். திருவல்லிக்கேணியில் மேன்ஷன் அறையில் ஆறு வருடமாக ஒன்றை வைத்துக் காலம் தள்ளுகிறேன். சோறு, சாம்பார், முட்டை, சுண்டல் எல்லாம் அதில்தான். (அறையில் சமைக்கக் கூடாது என்பது விதி. அதனால் சாம்பாரில் பெருங்காயம் மட்டும் போடுவதில்லை, வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.)

வடிகஞ்சி:

குக்கரில் வற்றியதைச் சோறு என்று நான் சொல்ல மாட்டேன். புழுங்கலரிசியை நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பதம் பார்த்து வடிக்க வேண்டும். கஞ்சியோடு சேர்ந்து வற்றியது மறுநாள் பழையதுக்கும் உதவாது, கொழகொழத்துவிடும். உங்கள் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. சமையலுக்கு ஓர் ஆளை அமர்த்துங்கள்.

கடைமடை:

அமர்த்தினோம் ஐயா. மூன்றே நாளில் அப்பா அவரை அனுப்பிவிட்டார். ரசத்தில் சீரகம் கூடுதலாம்.

திருகாணி:

ஈரோட்டில் 22 வருடமாக மிக்ஸி, கிரைண்டர், குக்கர் பழுதுபார்க்கிறேன். சகோதரி, உங்கள் தோழி வீட்டுக் குக்கரைக் குறை சொல்வதற்கு முன்னால் அது எப்படி அணைகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

குக்கருக்குள் கடிகாரம் எதுவும் கிடையாது. சாதாரண ஒற்றைச் சுவிட்ச் குக்கரைத் திறந்து உள்பாத்திரத்தை எடுத்தால், சூட்டுத் தகட்டின் நடுவில் ரூபாய் நாணயம்போல ஒரு வட்டம் ஸ்பிரிங்கின் மேல் நிற்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும். அதற்குள் இருப்பது காந்தம். சுவிட்சை அழுத்தும்போது அந்தக் காந்தம் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைப் பிடித்து வைக்கிறது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பாகத்தின் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். அரிசி தண்ணீரைக் குடித்து முடித்ததும் சூடு மேலே ஏறும். இன்னும் சில டிகிரி ஏறியதும் காந்தம் ஒட்டியிருக்கும் ஃபெரைட் என்ற இரும்பு ஆக்சைடு துண்டு தன் காந்தத்தன்மையை இழந்துவிடும், ஸ்பிரிங் தள்ளும், 'டக்' என்று சுவிட்ச் மேலே வந்துவிடும். சோறு வெந்ததா என்பது அதற்குத் தெரியாது. தண்ணீர் தீர்ந்ததா என்பது மட்டுமே தெரியும்.

ஆக, விதைவிதையாக நிற்கும்போதே அணைகிறது என்றால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை. புழுங்கலரிசிக்கும் பச்சரிசி அளவே ஊற்றியிருப்பார்கள். தண்ணீர் சரியாக இருந்தும் அணைந்தால், உள்பாத்திரத்தின் அடி நெளிந்திருக்கும், அல்லது தகட்டில் ஒரு பருக்கை ஒட்டிக் காய்ந்திருக்கும். பருக்கை மேல் பாத்திரம் உட்கார்ந்தால் தகடு தொடுவது ஓரிடத்தில்தான். அங்கே சூடு அளவுக்கு மீறி, காந்தம் ஏமாந்துபோகும்.

வாங்குவதற்கு என் யோசனை: ஒற்றைச் சுவிட்ச், 1 லிட்டர், 450 வாட் அளவில் ஒன்று. பத்துப் பொத்தான் வேண்டாம். அதன் மின்னணுப் பலகை போனால் புதுக் குக்கர் விலையில் பாதியைக் கேட்பார்கள், அதுவும் கிடைத்தால். ஒற்றைச் சுவிட்ச் குக்கருக்குள் மாற்ற முடியாத பொருள் ஒன்றுமே இல்லை. மயிலாடுதுறையிலேயே செய்துகொள்ளலாம்.

அரைப்படி:

மகளே, மதுரையிலிருந்து எழுதுகிறேன். 1.8 லிட்டர் வேண்டவே வேண்டாம். கொஞ்சமாக அரிசி போட்டுப் பெரிய குக்கரில் வைத்தால் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விரல் உயரம்கூட நிற்காது. சீக்கிரம் ஆவியாகிப் போய்விடும், அரிசி பாதியில் நிற்கும். எங்கள் வீட்டில் எட்டுப் பேருக்கு இருந்த குக்கரை இருவருக்கு வைத்தபோது பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இன்னொன்று. குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கோப்பை 180 மில்லி. நம் ஆழாக்கு 168 மில்லி. அரிசியை ஆழாக்கில் அளந்து தண்ணீரைக் கோப்பையில் அளந்தால் கணக்கு தவறும். எதில் அளந்தாலும் இரண்டையும் ஒன்றிலேயே அளக்கச் சொல்லுங்கள். பாத்திரத்தின் உள்ளே 2, 4, 6 என்று கோடு போட்டிருப்பார்கள். அதை நம்பாதீர்கள், பெரும்பாலும் பச்சரிசிக்குப் போட்டது. பொன்னி புழுங்கலுக்கு ஒன்றுக்கு மூன்று என்று தொடங்குங்கள். பழைய அரிசி என்றால் மூன்றரை. முக்கால் மணி நேரம் ஊற வேண்டும். குறைந்த அரிசி வைக்கும்போது விகிதம் சற்றுக் கூட வேண்டும். கூடுதல் அரிசி வைக்கும்போது குறைக்கலாம். ஆவியாகிப் போகும் தண்ணீர் அரிசியைக் கேட்டுக்கொண்டு போவதில்லை அல்லவா?

மூன்றாம் மாடி:

180 மில்லி எங்கிருந்து வந்தது என்று நானும் ஒருமுறை தேடினேன். ஜப்பானின் பழைய அளவான 'கோ' அது. பத்துக் கோ ஒரு 'ஷோ', அதாவது 1.8 லிட்டர். நம் கடைகளில் 1.8 என்ற எண் திரும்பத் திரும்ப வருவதற்கு அதுதான் காரணம். முதன்முதலில் நன்றாக விற்ற தானியங்கிக் குக்கரும் அங்கேதான் பிறந்தது: தோஷிபா, 1955 டிசம்பர். மினாமி யோஷிதாதா என்ற சிறு தொழிற்கூட உரிமையாளர் வடிவமைத்தார். நாள்தோறும் சோறு வைத்துப் பார்த்துச் சூட்டைக் குறித்துக் கொடுத்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. அதில் இரண்டு பாத்திரங்கள்: வெளிப்பாத்திரத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர். அது இருபது நிமிடத்தில் வற்றியதும் சூடு ஏறி அணைந்துவிடும். தைவானில் தாத்துங் நிறுவனம் 1960 முதல் அந்த இரட்டைப் பாத்திர வகையை இன்றும் விற்கிறது. வெளியே எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறோமோ அவ்வளவு நேரம் வேகும். புழுங்கலரிசிக்கு அது தான் சரியான பொறி என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் இங்கே கடையில் நான் பார்த்ததில்லை.

திருகாணி:

கணக்கு சரி. ஆனால் ஓர் எச்சரிக்கை. 1.8 என்று சிலர் போடுவது அரிசி அளவை. பாத்திரத்தின் மொத்தக் கொள்ளளவு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும். சிலர் மொத்தக் கொள்ளளவையே 1.8 என்று போட்டு விற்கிறார்கள். அட்டையில் உள்ள எண்ணைப் பார்க்காமல் "எத்தனைக் கோப்பை அரிசி வேகும்?" என்று கேளுங்கள். பாத்திரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடி தடிமனாக இருக்க வேண்டும்.

வடிகஞ்சி:

நல்லது. ஆனால் கேட்கப்பட்டது கஞ்சியைப் பற்றி. இவ்வளவு ஆராய்ச்சியில் கஞ்சி எங்கே?

திருகாணி:

ஐயா, நேர்மையாகச் சொல்கிறேன். குக்கரில் வடிக்க முடியாது. வடிப்பதற்குத் தண்ணீர் மிஞ்ச வேண்டும். தண்ணீர் மிஞ்சியிருந்தால் குக்கர் அணையாது. ஆள் பக்கத்தில் நின்று பதம் பார்த்துத் தானே நிறுத்த வேண்டும். மறந்துபோகிறவருக்கு அந்த வேலையைச் சொல்லித் தருவதில் அர்த்தமே இல்லை. ஆனால் ஒரு கவலை இல்லை: அடுப்பாக இருந்தால் கருகும், இதில் மறந்தாலும் தண்ணீர் வற்றியதும் அணைந்துவிடும். குழைந்த சோறு கிடைக்கும், தீ கிடைக்காது.

ஈரக்கை:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் குக்கரில் தகட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. மாமியார் அது பழகிவிட்டது என்கிறார்.

திருகாணி:

பழகிக்கொள்ளக் கூடிய விஷயம் இல்லை அம்மா. இன்றே பிளக்கைப் பிடுங்கி ஓரமாக வையுங்கள். கழுவும்போது வெளி உடலுக்குள் தண்ணீர் போயிருக்கும், அல்லது சூட்டுச் சுருளின் காப்பு போயிருக்கும். உங்கள் வீட்டு பிளக் துளையில் எர்த் கம்பி உயிரோடு இருக்கிறதா என்றும் எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் துளையில் செருக இடையில் ஒரு மாற்றியைப் போட்டிருந்தால் அதைத் தூக்கி எறியுங்கள்.

குத்தரிசி:

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கள் குசினியில் சிவப்பு மொட்டைக்கறுப்பன்தான். பொன்னியைவிடக் கடுமையான அரிசி; ஒன்றுக்கு நான்கு தண்ணீர் வேண்டும். அம்மம்மா ஒரு வழி வைத்திருக்கிறார்: முதல் முறை சுவிட்ச் மேலே வந்ததும் மூடியைத் திறக்காமல் பதினைந்து நிமிடம் விடுவது, பிறகு அரைக் கோப்பை கொதிநீர் தெளித்து மறுபடி அழுத்துவது. சோறு பூப்போல வரும். உடனே அழுத்தினால் சுவிட்ச் நிற்காது, கீழே போய்த் திரும்பிவிடும். நாங்கள் பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டு போயிருக்கிறோம்!

திருகாணி:

பழுதே இல்லை. சூடாக இருக்கும்வரை காந்தம் ஒட்டாது. ஆறினால் ஒட்டும். அம்மம்மாவுக்கு என் வணக்கம். நான் பாதி வாடிக்கையாளர்களுக்குச் சொல்லித் தருவது அதுதான்.

ஆனால் மற்றப் பாதிப் பேர் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். சுவிட்ச் நிற்கவில்லை என்று தீக்குச்சியையோ மடித்த அட்டையையோ செருகி அழுத்தி வைத்துவிடுகிறார்கள். தண்ணீர் வற்றிய பிறகும் சூடு ஏறிக்கொண்டே போகும். கடைசியில் உள்ளே இருக்கும் தெர்மல் ஃபியூஸ் உருகி மொத்தக் குக்கரும் இறந்துவிடும், விளக்குகூட எரியாது. வெள்ளைக் கண்ணாடியிழைக் குழாய்க்குள் சுண்டுவிரல் நுனி அளவில் இருக்கும் பொருள் அது. விலை சொற்பம். அதை மாற்றாமல் இரண்டு கம்பியையும் முறுக்கி விட்டுக் காசு வாங்கும் மெக்கானிக்குகள் உண்டு. குக்கர் ஓடும், அடுத்த முறை தடுக்க ஆள் இல்லை. பழுதுபார்த்து வாங்கும்போது "ஃபியூஸ் போட்டீர்களா, எத்தனை டிகிரி, எத்தனை ஆம்பியர்?" என்று கேளுங்கள். அதன் உடலிலேயே அச்சிட்டிருக்கும். பழையதில் என்ன இருந்ததோ அதே எண் வேண்டும்.

அரைப்படி:

கழுவுவது, துடைப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. ஆண்கள் எழுதும் இழை என்றால் இப்படித்தான்.

உள்பாத்திரத்தில் அரிசி களையாதீர்கள். வேறு பாத்திரத்தில் களைந்து இதில் போடுங்கள், பூச்சு நாள்பட வரும். மரக்கரண்டி அல்லது அதோடு தரும் பிளாஸ்டிக் கரண்டி மட்டும். தேங்காய் நாரும் இரும்பு நாரும் அண்டக் கூடாது. அடியில் காந்தல் பிடித்தால் வெந்நீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால் தானே உரிந்து வரும்.

என் மருமகள் செய்ததைச் சொல்கிறேன், கோபப்பட மாட்டாள். எலுமிச்சைச் சாதத்துக்குத் தாளிக்க உள்பாத்திரத்தையே கேஸ் அடுப்பில் ஏற்றினாள். அடி லேசாகக் குழிந்தது, கண்ணுக்குத் தெரியாது. அன்றிலிருந்து அந்தக் குக்கரில் ஒரு பக்கம் குழைவு, ஒரு பக்கம் அரைவேக்காடு. புதுப் பாத்திரம் வாங்கித்தான் சரியானது. பூச்சில்லாத அலுமினியப் பாத்திரம் என்றால் புளிச்சாதத்தை அதிலேயே கிளறி வைக்கவும் கூடாது, கறுத்துவிடும்.

பாத்திரத்தை வைப்பதற்கு முன் அடியையும் வெளிப்பக்கத்தையும் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு வைத்தால் 'சுர்' என்று சத்தம் வரும்; ஈரம் உள்ளே போகும், தகட்டில் கறை ஏறும். வைத்த பிறகு இடமும் வலமும் ஒரு திருப்புத் திருப்பினால் ஒட்டி உட்காரும். கஞ்சி பொங்கி வழிந்தால் ஆறிய பிறகு அன்றே துடைத்துவிட வேண்டும். அரிசியை நன்றாகக் களைந்து, அரைக் கரண்டி நல்லெண்ணெய் விட்டால் பொங்குவது குறையும்.

திருகாணி:

அம்மா சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல இரண்டே இருக்கின்றன. தகட்டில் ஒட்டிக் காய்ந்த பருக்கையைக் கத்தியால் சுரண்டாதீர்கள். நைசான உப்புத்தாளால் தேய்த்து ஈரத்துணியால் துடையுங்கள். இரண்டாவது, கரப்பான். குக்கரின் அடியில் காற்றுத் துளைகள் உண்டு. இளஞ்சூடும் சோற்று வாசனையும் இருந்தால் கரப்பானுக்கு வேறு என்ன வேண்டும்? நான் திறக்கும் குக்கர்களில் பாதியில் ஒரு குடும்பமே இருக்கும். இரவில் மேடையில் ஈரமும் பருக்கையும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மேலே மர அலமாரி இருந்தால் அதன் நேர்க்கீழே வைக்காதீர்கள், ஆவி பட்டு ஒட்டுப்பலகை உப்பிவிடும்.

கடைமடை:

எல்லோருக்கும் நன்றி. அரிசி அளவில் 1 லிட்டர், ஒற்றைச் சுவிட்ச் என்று முடிவு செய்துவிட்டேன். கரண்ட் செலவு எவ்வளவு ஆகும்? அப்பா முதலில் அதைத்தான் கேட்பார். சூடாக வைக்கும் விளக்கு எரியும்போது மாலைவரை அப்படியே விடலாமா?

மூன்றாம் மாடி:

450 வாட், புழுங்கலுக்கு முக்கால் மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு இருபது யூனிட். தனி ஆள் வீட்டில் மின்சார வாரியத்தின் இலவச யூனிட்டுகளுக்குள்ளேயே அடங்கிவிடக் கூடும்.

இரவுப்பணி:

நான் செவிலியர். இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சூடாக வைக்கும் நிலையில் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம். சோறு மஞ்சளித்து நாற்றம் வரும். அதைவிட மோசம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியோடு வெதுவெதுப்பில் மாலைவரை விடுவது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வேகும் சூட்டிலும் சாகாது. 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாக நிற்கும் சோற்றில் அவை முளைத்துப் பெருகும். அது விடும் நச்சில் ஒரு வகை திரும்பச் சூடுபடுத்தினாலும் போகாது. 74 வயதில் ஒரு நாள் வாந்தி என்றாலே உடம்பு வாடிவிடும்.

வடிகஞ்சி:

அப்படியானால் நூற்றாண்டுகளாகப் பழையது சாப்பிட்டவர்கள்?

இரவுப்பணி:

பழையதை நான் குறை சொல்லவில்லை ஐயா, என் வீட்டிலும் உண்டு. சாப்பிட்டு முடித்த கையோடு மீதியைக் குக்கரிலிருந்து எடுத்து, அகலமான பாத்திரத்தில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு, சுத்தமான தண்ணீர் ஊற்றி வையுங்கள். மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். குக்கர் பாத்திரத்திலேயே தண்ணீர் ஊற்றி வைப்பதுதான் வேண்டாம். அடுத்து யாராவது பழக்கத்தில் சுவிட்சை அழுத்திவிடுவார்கள்.

கடைமடை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். போன சனிக்கிழமை ஊருக்குப் போய்க் குக்கரைக் கொடுத்து, இரண்டு நாள் கூட இருந்துவிட்டு வந்தேன்.

முதல் நாள் ஒன்றுக்கு மூன்று. அரைவேக்காடு இல்லை, ஆனால் கொஞ்சம் விறைப்பு. அப்பா ஒன்றும் சொல்லாமல் இலையில் பாதியை ஒதுக்கினார். இரண்டாம் நாள் கோப்பையாலேயே அளந்து, ஒன்றரைக் கோப்பைக்கு ஐந்து கோப்பைத் தண்ணீர். சோறு சரியாக வந்தது. "கஞ்சி?" என்றார். திருகாணி அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன்: தண்ணீர் தீர்ந்தால்தான் இது நிற்கும், அதனால் வடிக்க முடியாது. காந்தத்தைப் பற்றியும் சொன்னேன். பாத்திரத்தை எடுத்துவிட்டு அந்த நாணயத்தை நான்கைந்து முறை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

நேற்று போன் செய்தால் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். எப்படி என்று கேட்டேன். ஒன்றரைக் கோப்பை தண்ணீர் கூடுதலாக ஊற்றுகிறாராம். கொதி வந்து பத்து நிமிடம் ஆனதும் மூடியைத் திறந்து, மேலே நிற்கும் கஞ்சியில் ஒரு தம்ளர் மொண்டுவிட்டு மூடிவிடுகிறார். மிச்சத் தண்ணீரை அது வற்றவைத்துக்கொண்டு தானே அணைகிறது. "மொள்ள மறந்தால்?" என்றேன். "மறந்தால் அன்றைக்குக் கஞ்சி இல்லை, சோறு கொஞ்சம் குழையும், அவ்வளவுதானே" என்றார்.

வடிகஞ்சி:

அந்தக் கஞ்சி எத்தனைக் கெட்டியாக வருகிறது? முழு வேக்காட்டில் வடித்ததுபோல இருக்காதே?

கடைமடை:

கேட்டேன் ஐயா. "உன் அம்மா வடித்ததில் பாதி" என்றார். இன்னும் ஐந்து நிமிடம் தள்ளி மொண்டு பார்க்கப் போகிறாராம்.

திருகாணி:

மூடியைத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், ஆவி அடிக்கும். நீளக் கைப்பிடி அகப்பை வேண்டும். ஆனால் எஃகு அகப்பை வேண்டாம், பூச்சு போய்விடும்.

குத்தரிசி:

தேங்காய்ச் சிரட்டை அகப்பை கிடைத்தால் அதுதான் நல்லது. பூச்சைக் கீறாது, கையும் சுடாது.

கடைமடை:

பரணில் அம்மாவின் சிரட்டை அகப்பை இருக்கிறது. எடுத்துக் கழுவச் சொல்கிறேன்.